எல்லைக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் ஒன்பது

மகனைப் பறிகொடுத்த மனிதர் முதலில் கேட்டது, அவனைச் சாகவிட்டவன் யார் என்று. அடுத்த மூச்சிலேயே அவர் பேசியது செலவைப் பற்றி.

"பாடி கிடந்தது எல்லைக்கு அந்தப் பக்கம்," என்றார் வில்மர் ஷ்ராம். "டங்கல்பர்க் பக்கம். நீங்க இதுக்காக அலையற ஒவ்வொரு மணி நேரமும் அவங்க கணக்குல ஏறணும். ரூல் ரூல்தான். என் பையனா இருந்தாலும் ரூல்தான்."

பென்சில்வேனியா மலைக்குளிரில் அவர் வாயிலிருந்து வார்த்தையோடு புகையும் வந்தது. வெஸ்ட் லோரா ஊராட்சியின் தலைவர் அவர். மகனைப் புதைத்த மறுநாளே சவரம் செய்துகொண்டு, தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, அவன் செத்துக் கிடந்த சாலையோரத்தில் வந்து நிற்கிறார். கண்கள் மட்டும் தூங்கவில்லை என்று சொல்லின.

போலீஸ்காரன் நேட் பொலான்ஸ்கி கையிலிருந்த அட்டைப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அன்றைக்கு ஃபாஸ்நாக்ட் நாள். தவக்கால நோன்பு தொடங்குவதற்கு முன் உருளைக்கிழங்கு மாவைப் பன்றிக் கொழுப்பில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டித் தின்று தீர்க்கிற நாள். துக்கத்தில் இருப்பவர் முன்னால் வாயில் சர்க்கரையோடு நிற்பது நன்றாக இருக்காது என்கிற அளவுக்கு அவனுக்கும் விவரம் இருந்தது. மீசையில் ஒட்டியிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"உங்களுக்கு வேண்டியது பேருதானே, மிஸ்டர் ஷ்ராம்?" என்றாள் சார்ஜென்ட் கார்லா ஸெர்பி.

"பேருதான். ஆல்வின் ட்ரெக்ஸ்லர் காரை விட்டு ஏத்தினான், சரி. அந்தக் குடிகாரன் ஒத்துக்கிட்டான், உள்ள இருக்கான். ஆனா ஆல்வின் அடிச்சது என் பையன் இடுப்பை. அவனைக் கொன்னது குளிரு. அவன் உயிரோட கிடக்கறப்ப இன்னொருத்தன் வந்திருக்கான். வந்து, தொட்டு, இழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான், கிடந்த கிடப்பே சொல்லுது." அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நேட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "செத்த நாயைத் தள்ற மாதிரி தள்ளியிருக்கான். மத்தியானம் ரெண்டு ஊரும் உட்கார்ற போலீஸ் கமிஷன் கூட்டம். அந்தக் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும், எனக்கு அவன் பேரு வேணும். கிடைக்கலைன்னா வெஸ்ட் லோரா உங்க போலீஸ்லேருந்து இன்னையோட விலகிக்கும். அப்புறம் டங்கல்பர்க் மட்டும் உங்களுக்குச் சோறு போடட்டும்."

"கொண்டு வர்றேன்," என்றாள் கார்லா.

அவர் தன் வண்டியில் ஏறிப் போனார். அது கண்ணிலிருந்து மறையும்வரை நேட் பெட்டியைத் திறக்கவில்லை.

"சார்ஜென்ட், ஒரு சந்தேகம்," என்றான் பிறகு. "இந்த ஆளு விலகினா முதல்ல வேலை போறது யாருக்கு?"

"கடைசியா சேர்ந்தவனுக்கு."

"அதான் கேட்டேன். கடைசியா சேர்ந்தவன் நல்லா சாப்பிட்டுக்கட்டும்." இன்னொரு ஃபாஸ்நாக்டை எடுத்தான்.

டங்கல்பர்க் பேரூராட்சிக்கும் வெஸ்ட் லோரா ஊராட்சிக்கும் ஒரே போலீஸ். தனித்தனியாக வைத்துக்கொள்ள இரண்டுக்கும் வக்கில்லை. ஒரு காலத்தில் செலவை ஆளுக்குப் பாதி என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடியும் அடிதடியும் டங்கல்பர்க் மதுக்கடைகளில், காசு மட்டும் எங்கள் சோளக்காட்டிலிருந்தா என்று சண்டை பிடித்துப் புது முறையைக் கொண்டு வந்தவர் இதே வில்மர். போலீஸ் எந்த ஊர் மண்ணில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறதோ, அந்த ஊர் அதற்கேற்பக் கட்ட வேண்டும். கேட்பதற்கு நியாயம்தான். அன்றிலிருந்துதான் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் எல்லை எங்கே இருக்கிறது என்பது மூக்கு எங்கே இருக்கிறது என்பதைவிட நன்றாகத் தெரிந்தது.

கிரைடர் சாலையில் அந்த எல்லையைக் கண்டுபிடிக்க யாரும் கஷ்டப்பட வேண்டாம். 'டங்கல்பர்க் உங்களை வரவேற்கிறது' என்று ஒரு பலகை நிற்கிறது. பலகைக்கு அந்தப் பக்கம் சாலை வெளுத்திருக்கும். பேரூராட்சி பனிக்கு உப்பு போடும். இந்தப் பக்கம் சாலை கறுத்திருக்கும். ஊராட்சி உப்புக்குச் செலவழிக்காது. பழைய மின்நிலையத்தில் இனாமாகக் கிடைக்கும் எரிந்த நிலக்கரியின் கசடை அள்ளி வந்து கொட்டும். கறுப்பும் வெளுப்பும் பலகைக்கு நேர் கீழே கத்தியால் வெட்டின மாதிரி சந்திக்கும்.

வில்மரின் மகன் ட்ராய் விடிகாலையில் பலகைக்கு அந்தப் பக்கம், டங்கல்பர்க்கின் சாலையோரத்தில், விறைத்துக் கிடந்தான். அவன் வண்டி பனிப்புயலில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட, வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தவன். ஆல்வினோ, தான் இடித்தது பலகைக்கு இந்தப் பக்கம், பாழடைந்த ஹோக் வீட்டைத் தாண்டி என்று சத்தியம் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவன், சத்தியத்தைச் சும்மா செய்ய மாட்டான். 'குப்புற விழுந்தான், திட்டினான், உயிரோட இருக்கான்னு நினைச்சு ஓடிட்டேன்' என்பது அவன் வாக்குமூலம். உயிரோடு இருப்பவனை விட்டுவிட்டு ஓடினேன் என்பதைத் தனக்குச் சாதகமான செய்தியாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம சீஃப் என்ன சொல்றார்னா," என்றான் நேட், "அடிபட்டவன் தானே தவழ்ந்து டங்கல்பர்க் வெளிச்சத்தைப் பார்த்துப் போயிருப்பான். கேஸ் முடிஞ்சது. எனக்கும் அது பிடிச்சிருக்கு. சம்பளம் வரும்."

"தவழ்ந்தா கசடு எங்க ஒட்டும்?"

"வயித்துல. முழங்கால்ல."

"கரோனர் அவன் சட்டையைக் கழட்டினப்ப நீ பக்கத்துலதானே நின்ன?"

நேட் மெல்வதை நிறுத்தினான். அந்த ஊரில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவரேதான் சாவை விசாரித்துச் சான்று தரும் கரோனர். ட்ராயின் ஜாக்கெட்டை அவர் கழற்றியபோது, பனியனுக்கு உள்ளே, தோள்பட்டைகளுக்கு நடுவில், கறுப்புக் கசடு ஒரு கைப்பிடி உதிர்ந்தது. நேட்டும்தான் பார்த்தான். சாலையில் விழுந்தவன் மேல் சாலை ஒட்டத்தானே செய்யும் என்று விட்டுவிட்டான்.

"குப்புற விழுந்தவன் முதுகுல, அதுவும் பனியனுக்கு உள்ள," என்றாள் கார்லா. "ஜாக்கெட் தலைப் பக்கம் சுருண்டு ஏறினாத்தான் அங்க கசடு போகும். எப்ப சுருண்டு ஏறும்?"

"மல்லாக்கப் போட்டு, காலைப் பிடிச்சு இழுத்தா." சொன்ன பிறகுதான் தான் சொன்னது நேட்டின் காதில் விழுந்தது. "யாரோ இவனை மானாக்கிட்டாங்க."

"என்ன ஆக்கிட்டாங்க?"

"மான், சார்ஜென்ட். பார்ல நான் எப்பவும் சொல்ற கதை. நீங்க வந்து சிரிச்சிருந்தாத்தானே தெரியும்." நேட் பலகையைக் காட்டினான். "கார்ல அடிபட்டுச் செத்த மானை யார் எடுக்கறது? எந்த ஊர்ல கிடக்கோ அந்த ஊரு. போலீஸ் வந்து பார்த்தா அதுவும் அந்த ஊர்க் கணக்கு. அதனால என்ன பண்ணுவாங்க? வெஸ்ட் லோரா ஆளு பின்னங்காலைப் பிடிச்சு இழுத்துப் பலகைக்கு அந்தப் பக்கம் போட்டுட்டுப் போயிடுவான். டங்கல்பர்க் ஆளு வந்து திரும்ப இந்தப் பக்கம் இழுத்துப் போடுவான். போன வருஷம் ஒரு மானு, உயிரோட இருந்தப்ப ஊரைத் தாண்டினதை விட செத்தப்புறம் அதிகம் தாண்டிச்சு. நான் அதுக்குப் பேரு கூட வச்சேன்."

கார்லா சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே கறுப்புப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள், சாலை ஓரத்தைப் பார்த்தபடி.

புயலுக்குப் பிறகு வெயிலே அடிக்கவில்லை. பனி தள்ளும் வண்டி ஒதுக்கித் தள்ளிய பனி சாலை நெடுக வரப்புக் கட்டின மாதிரி உறைந்து நின்றது. ஒழுங்கான, நேரான வரப்பு. ஹோக் வீட்டைத் தாண்டியதும் அது ஓர் இடத்தில் அறுந்தது. கொஞ்ச தூரம் வரப்பே இல்லை. பிறகு மறுபடி தொடங்கி, பலகைவரை நூல் பிடித்த மாதிரி போனது.

"இந்த இடைவெளியில படு," என்றாள் கார்லா.

"சார்ஜென்ட்?"

"படுன்னேன்."

நேட் பெட்டியைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்தான். தொப்பி வரப்பின் ஒரு முனையைத் தொட்டது, பூட்ஸ் மறுமுனையைத் தொட்டது. கழுத்து வழியாகக் குளிர் இறங்கியது. பனி தள்ளும் வண்டியின் தகடு ஒரு மனிதன் நீளத்துக்குத் தூக்கப்பட்டு, அவனைத் தாண்டியதும் மறுபடி இறக்கப்பட்டிருக்கிறது. படுத்துக்கொண்டு பார்க்கும்போது அது நேட்டுக்குத் தெளிவாக விளங்கியது. வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"டெனிஸ் கூன்ஸ்," என்றான் எழுந்துகொண்டே. "வெஸ்ட் லோராவுக்குப் பனி தள்றது அவன் ஒருத்தன்தான்."

"ஃபாஸ்நாக்ட் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அவனுக்கு ஒண்ணு கொடுக்கலாம். ரொம்ப நாளைக்கு நல்லதா எதுவும் சாப்பிட மாட்டான்."

ஊராட்சியின் வண்டி ஷெட் டீசலும் ஈரக் கசடுமாய் நாறியது. டெனிஸ் பனி தள்ளும் வண்டியின் கீழே படுத்துச் சங்கிலியை முடுக்கிக்கொண்டிருந்தான். கார்லாவும் அவனும் ஒரே பள்ளிக்கூடம். பள்ளியிலும் அவன் இப்படித்தான், யாராவது சொன்னால் கையைத் தூக்குவான், யாராவது சொன்னால் இறக்குவான். வெளியே வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த பலகாரத்தை வாங்கிக்கொண்டான். தின்னவில்லை.

"உன் வரப்பைப் பார்த்துட்டு வர்றேன், டெனிஸ்," என்றாள் கார்லா. "இந்த வட்டாரத்துல உன்னை மாதிரி நேரா தள்ற ஆளு கிடையாது."

"பழக்கம்தான்."

"ஹோக் வீட்டுக்கிட்ட மட்டும் தகட்டைத் தூக்கியிருக்க."

டெனிஸ் கையிலிருந்த பலகாரத்தைப் பார்த்தான். "தபால் பெட்டி இருக்குல்ல. அதுல இடிச்சிடப் போகுதுன்னு."

"தபால் பெட்டி வீட்டுக்கு முன்னாடி. நீ தூக்கினது வீட்டைத் தாண்டி."

"அப்ப மானா இருக்கும். ஆமா, ஒரு மான் கிடந்தது. மறந்துட்டேன்."

"பெரிய மானா?" என்றான் நேட்.

"சுமாரா."

"அதை என்ன பண்ண?" கார்லாவின் குரலில் கோபமே இல்லை. வானிலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"என்ன பண்றது, எப்பவும் பண்றதுதான். பலகைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். நேட்டுக்குத் தெரியுமே." நேட்டைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "நீதான் அதை வச்சுப் பார்ல கதை சொல்லுவியே."

நேட் சிரிக்கவில்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கதையை யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தான்.

"டங்கல்பர்க் ஆளுங்களை விசாரிச்சுக்கலாம்," என்றாள் கார்லா. "ஆனா எனக்கே தெரியும். அன்னைக்குக் காலையில பலகைக்கு அந்தப் பக்கத்துலேருந்து அவங்க எந்த மானையும் எடுக்கலை, டெனிஸ். ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தாங்க."

ஷெட்டில் எங்கேயோ உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. டெனிஸ் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தான். பலகாரம் கையிலிருந்து நழுவிக் கசடில் உருண்டது. வெள்ளைச் சர்க்கரை கறுத்துப்போனது.

"அது ட்ராய்னு தெரியாது," என்றான். "சத்தியமா தெரியாது. குப்புறக் கிடந்தான். தலையில குல்லா. கண்ணைத் திறக்க முடியாத பனி. முதுகுல டங்கல்பர்க் தீயணைப்புப் படைன்னு எழுதியிருந்துச்சு. நம்ம ட்ராய் எப்ப அதுல சேர்ந்தான்? அவங்க அப்பனுக்கே தெரியாதே. தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடுவாரா?"

"அதனால?"

"அவங்க குடிகாரன்னு நினைச்சேன். பார்லேருந்து வந்து எப்பவும் நம்ம பக்கம்தானே விழறானுங்க. எங்க பக்கத்துலேருந்து போலீஸைக் கூப்பிட்டா, ஆம்புலன்ஸ், விசாரணைன்னு எல்லாம் எங்க தலையில. மல்லாக்கத் திருப்பி, காலைப் பிடிச்சேன். அந்தப் பக்கம் போட்டுட்டா டங்கல்பர்க் வண்டி பின்னாலயே வரும், பார்த்துட்டு அவங்களே கூப்பிட்டுக்குவாங்கன்னு இருந்தேன். அவங்க வண்டி வரலை. ஓவர்டைம் மிச்சம் பிடிக்கறதுக்காக விடியற வரைக்கும் வெளியே எடுக்கலையாம். எனக்கு எப்படித் தெரியும்?"

"திருப்பினப்ப முகத்தைப் பார்க்கலையா?" என்றான் நேட்.

"பனி அப்பியிருந்துச்சு. நானும் துடைச்சுப் பார்க்கலை."

"சத்தம் போட்டானா?"

டெனிஸ் எண்ணெய்க் கையை மறுபடி துடைத்துக்கொண்டான். "முனகினான்," என்றான். "குடிகாரன் முனகுவான்ல."

இடுப்பு முறிந்தவனைக் காலைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும் என்று நேட் யோசிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். 

"நீயாவே முடிவு பண்ணினியா, டெனிஸ்?" என்று கேட்டாள் கார்லா.

"நானே."

"வேற யாரையும் கேக்கலை?"

"யாரையும் கேக்கலை. எல்லாம் நான்தான். என் பேரை எழுதிக்கோ, கார்லா. நான் கையெழுத்துப் போடறேன்."

கார்லாவின் பார்வை அவனைத் தாண்டிப் பனி வண்டியின் உள்ளே போனது. அங்கே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒயர்லெஸ் கருவி தொங்கியது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நேட்டும் பார்த்தான், பழைய கருவி, சுருள் கம்பி, அவ்வளவுதான். அவளுக்கு அதில் என்ன அதிசயம் தெரிந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

"நேட், இவன் கோட்டை எடு. கூட்டத்துக்கு வர்றான்."

டெனிஸ் சட்டென்று எழுந்தான். "வேண்டாம். ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே கூட்டிட்டுப் போ. கூட்டத்துக்கு மட்டும் வேண்டாம்."

"நானும் அந்தக் கமிஷன் கூட்டத்துல உட்கார்ந்திருக்கேன்ப்பா," என்றான் நேட். "எனக்கும் ஜெயில்தான் தேவலாம்னு தோணியிருக்கு."

பழக்க தோஷத்தில் வந்த நகைச்சுவை. யாரும் சிரிக்கவில்லை, சொன்னவன் உட்பட. டெனிஸ் கார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டான். எண்ணெய்க் கறை அவள் சட்டைக் கையில் படிந்தது.

"அந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே பையன்," என்றான். "பேரு கேட்டாரு, பேரு கிடைச்சிடுச்சு. அதோட விட்டுடு. உன் காலைப் பிடிக்கறேன்."

"அவருக்குப் பேரு தர்றேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் கார்லா. கையை விடுவித்துக்கொண்டாள்.

கூட்டம் டங்கல்பர்க் பேரூராட்சி மன்றத்தில். நீள மேஜை. ஒரு பக்கம் அந்த ஊர்க்காரர்கள், மறுபக்கம் இந்த ஊர்க்காரர்கள். மேஜைக்கு நடுவில் ஒரு தட்டு நிறைய ஃபாஸ்நாக்ட், அதுவும் சரியாக எல்லைக்கோட்டில். பேரூராட்சித் தலைவி ஃபேய் லுட்விக் துக்க வீட்டுக்கு வந்தவள் போல உதட்டை மடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முன்னால் பென்சில் கூர் சீவித் தயாராக இருந்தது. சீஃப் ஜன்னலோரம் நின்று யாரையும் பார்க்காமல் இருந்தார்.

கார்லா நேராக வில்மரிடம் போனாள். "உங்ககிட்ட தனியா பேசணும். வெளியே வாங்க."

"பேரு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வெளியே வாங்க, மிஸ்டர் ஷ்ராம்."

"நான் எதுக்கு வெளியே வரணும்? என் பையனைத் தெருவுல போட்டவன் பேரை ஒளிஞ்சு நின்னு கேக்கணுமா?" அவர் எழுந்து நின்றார். "இங்கேயே சொல்லு. இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

"நான் உங்களை வெளியே கூப்பிட்டேன்," என்றாள் கார்லா. "எல்லாரும் பார்த்தாங்க."

"பார்த்தாங்க. சொல்லு."

அவள் வாசல் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். நேட் டெனிஸை முன்னால் தள்ளினான். உண்மையில் தள்ள வேண்டியிருந்தது. 

"ஆல்வின் உங்க பையனை இடிச்சது வெஸ்ட் லோரா பக்கம்," என்றாள் கார்லா. "அங்கேருந்து அவனைக் காலைப் பிடிச்சு இழுத்துப் பலகைக்கு அந்தப் பக்கம் போட்டது டெனிஸ்."

ஃபேய் லுட்விக்கின் பென்சில் அவளையறியாமல் காகிதத்தைத் தொட்டது. வெஸ்ட் லோரா பக்கம் என்கிற வார்த்தைகளைத்தான் அது முதலில் எழுதியது. நேட் பார்த்துக்கொண்டிருந்தான்.

வில்மர் மேஜையைச் சுற்றி வந்தார். யாரும் தடுக்கவில்லை. டெனிஸின் கோட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

"என் வீட்டுல சாப்பிட்டிருக்கடா நீ," என்றார். "அவனுக்கு மீன் பிடிக்கக் கத்துக்கொடுத்தவன் நீ. உயிரோட இருந்தவனை இழுத்துப் போட்டியா? யாரு சொல்லி? உனக்குன்னு புத்தி கிடையாது, யாராவது சொல்லாம ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்ட. யார்றா சொன்னது?"

டெனிஸ் கண்களை மூடிக்கொண்டான்.

"சொல்லு. எந்த நாயி சொல்லிச்சு?"

"நானேதான், வில்மர்."

"பொய். டங்கல்பர்க்காரன் எவனாவது காசு கொடுத்தானா? யாரு? பேரைச் சொல்லு." அவர் அவனைச் சுவரில் மோதினார். மறுபடி மோதினார். சுவரில் மாட்டியிருந்த முன்னாள் தலைவர்களின் படங்கள் ஆடின. "பேரைச் சொல்லுடா."

அப்போதுதான் நேட்டுக்கு ஒயர்லெஸ் கருவி ஞாபகம் வந்தது. சுருள் கம்பி, பழைய கருவி. அதன் இன்னொரு முனை எங்கே இருக்கிறது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வில்மரின் சமையலறை அலமாரியில். வெஸ்ட் லோராவில் பனி பெய்தால் தன்னைக் கேட்காமல் ஒரு கைப்பிடிக் கசடு விழக் கூடாது என்று அவரே வைத்துக்கொண்டது. நேட் கார்லாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேட் டெனிஸை விடுவிக்க ஓர் அடி முன்னால் வைத்தான். 

"ஒருத்தன் கிடக்கான்னு ஒயர்லெஸ்ல சொன்னேன்," என்றான் டெனிஸ். கண்ணைத் திறக்கவில்லை. "டங்கல்பர்க் ஜாக்கெட் போட்டிருக்கான்னு சொன்னேன்."

வில்மரின் கை அவன் கழுத்திலேயே இருந்தது. பிடி மட்டும் நின்றுபோனது.

"அது வேற," என்றார். "அது வேற ஆளு. அவன் எழுந்து போயிட்டான். மறுநாள் காலையில நான் உன்கிட்ட கேட்டேன். எழுந்து நடந்து போயிட்டான்னு நீ சொன்ன."

"சொன்னேன்."

"நடந்து போயிட்டான்னு சொன்னியே, டெனிஸ்."

"நீங்க வேற எப்படித் தாங்குவீங்க, வில்மர்."

 அன்றிரவு ஒயர்லெஸ்ஸில் வில்மர் என்ன பதில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவருடைய உதடுகளே அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன, கடையில் வாங்க வேண்டியதை மறக்காமல் இருக்க முணுமுணுப்பவர் போல. நேட் மிகப் பக்கத்தில் நின்றான். அவனுக்கு மட்டும் கேட்டது.

"அவங்க ஆளை அவங்க பக்கமே போடு. அவங்க ஆளை அவங்க பக்கமே போடு."

அவர் கையை எடுத்தார். டெனிஸின் கோட்டுக் கழுத்தை, கசங்கியிருந்த இடத்தில், மெதுவாக நீவிவிட்டார். பிறகு தன் நாற்காலிக்கு நடந்து போய் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தொப்பி இல்லாமல் அவரை நேட் பார்த்ததேயில்லை. திடீரென்று வேறு யாரோ ஒரு கிழவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஃபேய் லுட்விக் மரியாதைக்கு வேண்டிய அளவு காத்திருந்தாள். அதற்கு மேல் காத்திருக்கவில்லை.

"வில்மர், உங்க நிலைமை எனக்குப் புரியுது," என்றாள். "ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா செயலாளர் எழுதணும். இந்தக் கேஸ்ல போலீஸ் செலவழிச்ச நேரம் எந்தப் பக்கம்? அடிபட்டது உங்க பக்கம்னு சார்ஜென்ட் சொல்றாங்க. செத்தது எங்க பக்கம்னு நீங்க காலையிலேருந்து சொல்லிட்டிருக்கீங்க. இதை இப்படியே விட முடியாது."

இந்தப் பொம்பளை மூஞ்சியில் தட்டைக் கவிழ்த்தால் என்ன என்று நேட்டுக்குத் தோன்றியது. வேலை போனால் போகட்டும். ஆனால் வில்மர் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. கேள்வி நியாயமானது என்பதைப் போலத் தலையாட்டினார். அவர் கொண்டு வந்த முறைதானே.

செயலாளர் பேனாவைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தான். 

"எங்க பக்கம்னு எழுதிக்கோ," என்றார் வில்மர் ஷ்ராம். "அவன் எங்க ஆளு."